உளியும் பெயரும்

'கடைதல்' என்னும் வினை தமிழிற் பழையது. தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மத்தின் சுழற்சியும் மரத்தின் சுழற்சியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஒருவனைக் 'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்று ஏசும்போதும், மத்துப் பிடித்த கையின் சொல்லையோ உளி பிடித்த கையின் சொல்லையோதான் நம்மையறியாமற் கையாளுகின்றோம். தொட்டிற்கால்களையும் பம்பரங்களையும் கடைந்த நம் கைவினைஞர் உளியைத் தம் கையாலேயே பிடித்தனர். இரும்பைத் திருத்தமாகக் கடைவதற்குக் கைப்பிடி போதாது. 1800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஹென்றி மோட்ஸ்லி என்பார், உளியை இறுகப் பற்றிக்கொண்டு தண்டவாளத்தில் ஊர்வதுபோல் நகரும் தாங்கியொன்றையும், திருகு வெட்டும் கடைசற்பொறியையும் திருத்தமுற அமைத்தார். உளி மனிதன் கையை விட்டுப் பொறியின் கைக்குப் போயிற்று. ஆயினும் அந்த உளியைத் தீட்டும் வேலை நெடுங்காலம் மனிதன் கையிலேயே தங்கியது. இக்கட்டுரை அந்தத் தீட்டுதலைப் பற்றியது; அதனிலும் மேலாக, தீட்டத் தெரிந்த ஒருவருக்குத் தாம் தீட்டியதன் பெயர் தெரியாமற் போனதால் நேர்ந்ததைப் பற்றியது.

கலைப்பீடத்து மாணவி ஒருத்தி இரும்பு வெட்டும் உளிகளைப் பற்றி எழுதுவானேன் என்று இம்மலரின் வாசகர் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். என் தாய்மாமன் ஒரு லேத் தொழிலாளி. நமுனுகுலை மலையின் சரிவில், பசறைப் பக்கமாகக் கிடக்கும் தோட்டமொன்றின் பணிய லயத்தில் நாங்கள் வளர்ந்தோம். அம்மா மலையிற் கொழுந்தெடுத்தார். மாமா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டராக இருந்தார். பதினைந்து வயதிற் பள்ளியை விட்டுப் பதுளை நகரத்துப் பட்டறையொன்றிற் சிங்கள பாஸ் ஒருவரிடம் தொழில் பழகியவர் அவர். 'பாஸ்' என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். சிங்களத்தில் லேத்தைப் 'பட்டலய' என்பர். ஆங்கிலப் பெயர் பொறித்த இயந்திரம், ஒல்லாந்தப் பட்டம் பெற்ற ஆசான், சிங்களத்திற் போதனை, தமிழில் யோசனை. மாமா கற்ற பாடசாலை இதுவே.

ஒருமுனை உளி என்பது, பெயர் சொல்வது போலவே, ஒரேயொரு வெட்டுமுனையை உடையது. துளையிடும் அலகுக்கு இரண்டு வெட்டுவாய்கள். வாளுக்கோ எண்ணற்ற பற்கள். இதற்கு மூக்கு ஒன்றுதான். விரலளவு தடித்த சதுர உருக்குத் துண்டொன்றின் நுனியைச் சாணைக்கல்லிற் பிடித்து, மேற்புறத்தையும் பக்கத்தையும் முன்புறத்தையும் சாய்த்துத் தேய்த்தால் உளி பிறக்கும். அச்சாய்வுகளில் அடங்கியிருக்கின்றது முழு வித்தையும்.

இரும்பு வெட்டப்படுவதை வாழைத்தண்டு வெட்டப்படுவதாக எண்ணிக்கொள்வோர் பலர். உண்மை வேறு. உளியின் முகம் உலோகத்தை முட்டித் தள்ளுகின்றது. தள்ளுண்ட உலோகம் நசுங்கி, ஒரு சாய்தளத்தில் வழுக்கி, அடுக்கடுக்காய்ப் பிரிந்து, சுருளாக மேலேறி ஓடுகின்றது. ஈரமண்ணில் மண்வெட்டியைப் படுக்கையாகத் தள்ளினால் மண் புரண்டு எழுவதைக் கண்டோர்க்கு இது விளங்கும். உளியின் மேற்புறத்தைப் பின்னோக்கிச் சாய்த்துத் தேய்த்தாற் சுருள் இலகுவாக ஓடும். ஆனால் வாய் மெலிந்து முறியும். சாய்வைக் குறைத்தால் வாய்க்கு வலிமை உண்டு. பொறிக்கோ பாரம் கூடும். கீழ்ப்புறத்தையும் ஆறு முதல் பத்துப் பாகை வரை உட்சாய்த்தே தேய்க்க வேண்டும். இல்லாவிடில் உளி வெட்டாது, உராயும். மெல்லுருக்குக்கு மேற்சாய்வு தாராளமாக வேண்டும். வார்ப்பிரும்புக்குக் குறைவாகப் போதும். அது சுருளாக ஓடாது, பொடியாக உதிரும். பித்தளைக்கு மேற்சாய்வே கூடாது. இந்தக் கடைசிச் செய்தியை மாமா எனக்குச் சொன்ன விதம் இது: "பித்தளைக்கு மேல்வாட்டம் குடுத்தா, டூலு தானா உள்ளுக்கு இழுத்துக்கிட்டுப் போயிரும் புள்ள. மட்டமா வச்சுரணும்."

'வாட்டம்' என்ற சொல்லை வாசகர் மனத்திற் குறித்துக்கொள்வாராக. பின்னர் அதற்கு வேலை இருக்கின்றது.

ஊவாத் தேயிலையின் மணம் உலகறிந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலைகளைக் கடந்து வறண்டு வீசும் காற்றே அம்மணத்தைத் தருகின்றது. ஆண்டு முழுவதும் பறிக்கும் கொழுந்திற் கிடைக்காத விலை அந்தச் சில வாரங்களிற் கிடைக்கும். அக்காலத்தில் ஸ்டோரில் எதுவும் நிற்கக் கூடாது. வாட்டிய கொழுந்து காத்திராது. உருட்டிய கொழுந்து அதனிலும் காத்திராது. உருட்டும் இயந்திரத்திற் கொழுந்து நிறைந்த உருளைக்கூடு, சுழல்கைகளின் பிடியில், பித்தளை வரிகள் பதித்த மேசையின் மேல் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பனியார் வார்த்தனுப்பிய அத்தகைய பழைய உருளைகள் மலைநாடெங்கும் பல தலைமுறைகளாக உழைத்தன. இயந்திரம் தேயாது, அதன் அச்சாணிகளைத் தாங்கும் வெண்கலப் புஷ்கள் தேயும். தேய்ந்தால் உருளை தள்ளாடும், எண்ணெய் கசியும், கசிந்த எண்ணெய் கொழுந்திற் சேர்ந்தால் அந்த நாளின் உழைப்பு குப்பைக்குப் போகும்.

அப்படியொரு பருவத்தில், எனக்குப் பத்து வயதிருக்கும், நள்ளிரவில் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டு சென்று ஸ்டோர் பட்டறையிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு புஷ் செய்வதற்கு அவர் உளிகளின் குடும்பம் முழுவதையும் வெளியே எடுத்தார். பாண் வெட்டுமளவுக்குத் தடித்த வெண்கல உருளையைச் சக்கில் இறுக்கியதும் முதலில் முகம் சீவும் உளி. அது குறுக்காக ஓடி, உருளையின் முனையை நடுப்புள்ளிவரை மட்டமாக்கும். உளியின் நுனி நடுமையத்துக்கு ஒரு மயிரளவு தாழ்ந்திருந்தாலும் அங்கே ஒரு குமிழ் எஞ்சிவிடும். அந்தக் குமிழைப் பார்த்தே உளியின் உயரத்தை அவர் சரிசெய்தார், அளவுகோலை எடுக்கவில்லை. அடுத்துப் புறம் கடையும் உளிகள். இவற்றில் வலக்கை உளி, இடக்கை உளி என இரண்டு. வலது உள்ளங்கையை உளியின்மேற் கவிழ்த்து, விரல்கள் மூக்கை நோக்க வைத்தாற் பெருவிரல் எந்தப் பக்கம் நிற்கின்றதோ அந்தப் பக்கத்தில் வெட்டுவாய் இருப்பது வலக்கை உளி. ஆகவே வலக்கை உளி இடப்புறமாக நகர்ந்து வெட்டும். பெயருக்கும் போக்குக்கும் உள்ள இம்முரண் முதலிற் கேட்போரைக் குழப்பும். பருவெட்டு வெட்டும் உளிக்கு மூக்குத் தடிப்பாயும், இறுதியில் மெருகு வெட்டும் உளிக்கு மூக்கு உருண்டும் இருந்தன.

துளை போட்ட பின்னர் உட்கடைசல். இதற்கான உளி நீண்டு மெலிந்தது. துளைக்குள் நுழைந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெட்ட வேண்டியது. அதன் அடிப்பாகம் துளையின் வளைவில் முட்டாதிருக்கக் கீழ்ச்சாய்வைக் கூட்டித் தேய்க்க வேண்டும். தாங்கியை விட்டு நீளமாக வெளியே நீட்டினால் அது அதிரத் தொடங்கும். பட்டறை முழுவதும் ஒரு நடுங்கிய கூச்சல் கேட்கும். வெட்டிய பரப்பில் மீன்செதில் போல் அலைகள் விழும். அச்சாணிக்கும் புஷ்ஷுக்கும் இடையே இருக்க வேண்டிய தளர்வு, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. செதில் விழுந்த புஷ் அதைக் காப்பாற்றுமா? மாமா உளியை உள்ளிழுத்து இறுக்கி, வேகத்தைக் குறைத்து, மீண்டும் ஓட்டினார். கூச்சல் அடங்கியது. கடைசியாகத் துண்டிக்கும் உளி: கத்தி அலகு போல் ஒடுங்கியது, பின்னோக்கி மேலும் ஒடுங்கிச் செல்வது. உளிகளில் அதிகம் முறிவது இதுவே. அது உள்ளே இறங்கும்போது மாமா மூச்சு விடவில்லை என்றே நினைக்கிறேன். புஷ் கீழே வைத்திருந்த சாக்கில் விழுந்தது. விடியற்காலை உருட்டு தொடங்கியபோது இயந்திரம் ஓடியது.

திருகுமரை வெட்டும் உளியை அன்று அவர் எடுக்கவில்லை. அதுவே உளிகளில் மிகவும் கண்டிப்பானது. அதன் மூக்குக் கோணம் அப்படியே மரையிற் பதிந்துவிடும். பழைய ஆங்கில இயந்திரங்களின் மரைகள் 1841இல் விட்வர்த் வகுத்த 55 பாகைக்குரியவை. இன்றைய மெற்றிக் மரைகள் 60 பாகை. கடையில் வாங்கும் ஆணி பழைய உருளைக்குப் பொருந்தாமையின் காரணம் இதுதான். ஆதலாற் பெட்டியில் இரண்டு உளிகளையும் தனித்தனியாகத் துணியிற் சுற்றி வைத்திருந்தார். அதே பெட்டியில் 127 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்றும் இருந்தது. அங்குலக் கணக்கில் அமைந்த லேத்தில் மில்லிமீற்றர் மரை வெட்ட வேண்டுமானால் அதை மாட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஏன் 127 என்பது தெரியாது. பல்கலைக்கழகம் வந்த பிறகு ஒருநாள் காகிதத்திற் கணக்கிட்டுப் பார்த்தேன். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், ஐந்து அங்குலம் சரியாக 127. தசமம் ஒழிந்து முழுவெண் கிடைக்கும் முதலிடம் அது. தொலைபேசியிற் சொன்னேன். "அடடே, அவ்வளவுதானா!" என்று வெகுநேரம் சிரித்தார்.

உளியின் உலோகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கரி உருக்கால் ஆன உளி, இருநூறு பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறினால் மழுங்கிப்போகும். 1868இல் றொபேர்ட் முஷெற் தங்குதன் கலந்து ஓர் உருக்கை ஆக்கினார். அதற்கு முப்பது ஆண்டுகளின் பின்னர் அமெரிக்காவில் பிரெடறிக் டெய்லரும் மவுன்செல் வைற்றும் அதிவேக உருக்கைக் கண்டனர். 1900இற் பாரிஸ் கண்காட்சியில் மூக்குச் சிவக்கச் சிவக்க இரும்பை வெட்டிய அவ்வுளியைக் கண்டு ஐரோப்பியப் பொறியியலாளர் திகைத்தனர். பதினெட்டு வீதம் தங்குதன், நான்கு வீதம் குரோமியம், ஒரு வீதம் வனேடியம் என்பது அதன் பிற்காலப் புகழ்பெற்ற கலவை. 1920களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் குறுப் நிறுவனம் 'வீடியா' என்ற பெயரிற் காபைட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'வைரம் போன்றது' என்னும் ஜேர்மன் தொடரின் சுருக்கம் அப்பெயர். இன்று காபைட் துண்டுகள் பொட்டலத்தில் வருகின்றன. திருகிப் பூட்டி, ஒரு மூலை மழுங்கினால் அடுத்த மூலைக்குத் திருப்பி, எல்லாம் மழுங்கினால் எறிந்துவிடலாம். பெயரின் முதலெழுத்தே வடிவத்தைச் சொல்லும்: டி எனில் முக்கோணம், எஸ் எனில் சதுரம், சி எனில் 80 பாகைச் சாய்சதுரம். சாணைக்கல்லுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, மாமா வேலை பார்க்கும் நகரத்துப் பட்டறையிற் காபைட் துண்டு வாங்க முடியவில்லை. பழைய தகரப் பெட்டி மறுபடி திறக்கப்பட்டது. எங்கள் தோட்டத்து ஸ்டோர் அதற்குள் மூடப்பட்டுவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்; எங்கள் கொழுந்து இப்போது லொறியில் அடுத்த தோட்டத்துக்குப் போகின்றது.

டெய்லரிடம் சற்றுத் தங்குவோம். நம் நாட்டில் டெய்லர் என்றதும் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரே நினைவுக்கு வருவார். இவர் வேறு. இந்த டெய்லர் 26 ஆண்டுகள் உலோகம் வெட்டும் கலையை ஆராய்ந்தார். எட்டு இலட்சம் இறாத்தலுக்கு மேற்பட்ட இரும்பையும் உருக்கையும் சுருளாக்கித் தள்ளினார். பன்னிரண்டு காரணிகளை வகைப்படுத்தினார். வெட்டும் வேகம் கூடக்கூட உளியின் ஆயுள் எவ்விதம் குறுகும் என்பதற்கு ஒரு சமன்பாடு தந்தார். 1906இல் அவர் நிகழ்த்திய பேருரை இன்றும் அத்துறையின் மூலநூலாகப் போற்றப்படுகின்றது. நிறுத்தற்கடிகாரத்தால் வேலையாளின் அசைவுகளை அளந்து, 'விஞ்ஞான முகாமை' என்ற பெயரில் நாளொன்றுக்கு இவ்வளவு வேலை, குறைந்தால் இவ்வளவு கூலி என்று விதி வகுத்தவரும் இவரே. இரண்டும் தனித்தனிப் பணிகள் அல்ல. லேத்தை எந்த வேகத்தில் ஓட்டுவது, உளியை எந்தக் கோணத்தில் தீட்டுவது என்பது அதுவரை தொழிலாளியின் கைக்குள் இருந்த இரகசியம். அந்த அறிவு அவன் கையில் உள்ளவரை நாளொன்றின் வேலையளவை அலுவலகம் நிர்ணயிக்க முடியாது. எனவே அவ்வறிவை அளந்து, அட்டவணையாக்கி, திட்டமிடும் அறைக்கு மாற்றினார்.

எங்கள் தோட்டத்துத் தராசு டெய்லரிடமிருந்து வந்ததன்று. அது அவருக்கு முந்திய கொடுமை. ஆயினும் நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு 'அரைப்பேர்' போடப்பட்டதை அறிந்தவள் என்ற முறையில், அவரது நூலைப் பாராட்டோடு மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. அவர் அளந்தது சரி. அளந்தெடுத்த அறிவை எவரிடமிருந்து எடுத்தாரோ அவருக்கே திருப்பிக் கொடுக்கும் வழியை அவர் யோசிக்கவில்லை.

மாமாவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 2023இல் வெளிநாட்டு வேலையொன்று கூடிவந்தது. தேசிய தொழிற் தகைமையின் நான்காம் நிலைச் சான்றிதழ் கேட்டார்கள். முறையாகப் படியாதவரும், முன்பு பெற்ற தேர்ச்சியைக் காட்டி அச்சான்றிதழைப் பெறலாம், நல்ல ஏற்பாடுதான். மதிப்பீட்டு நிலையமொன்றில் செய்முறையை அவர் குறைவின்றிச் செய்தார். பின்னர் வாய்மொழி வினாக்கள். தமிழில் தரப்பட்ட தாளிலிருந்து "சரிவுக் கோணம் என்றால் என்ன? இடைவெளிக் கோணம் என்றால் என்ன? வெண்கலத்துக்கு முன்னையது எவ்வளவு?" என்று கேட்கப்பட்டது. மாமா பேசாமல் இருந்தார். ஒரு மணிநேரத்துக்கு முன் அதே கோணங்களைத் தம் கையாற் கல்லிற் பிடித்துத் தீட்டியவர் அவர். மூன்றாம் நிலை வழங்கப்பட்டது. வேலை வேறொருவருக்குப் போயிற்று. கேட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் தாளிலிருந்ததைக் கேட்டார். "தமிழ்லதான் கேட்டாங்க புள்ள, எனக்குத்தான் தமிழ் தெரியல" என்று மாமா சொன்னபோது, தமிழைப் பாடமாகப் படிக்கும் எனக்கு நாக்கு எழவில்லை.

கலைச்சொல்லாக்கத்தில் ஈழத்துக்குப் பெருமைக்குரிய வரலாறு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான சொற்களையும் ஆக்கினார். அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவ்வுழைப்பை எளிதாக எண்ணுவோர் நன்றியற்றோர். ஆனால் சொற்களை ஆக்கிய அறிஞர் ஆங்கிலச் சொல்லை எதிரே வைத்துக்கொண்டு தமிழைத் தேடினர். பட்டறைக்குள் எட்டிப் பார்த்துத் தேடியவர் மிகச் சிலரே என்பது என் துணிபு. பட்டறையிற் சொல் இல்லையா? கடந்த விடுமுறையில் ஓர் அப்பியாசக் கொப்பியுடன் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வோர் உளியாக எடுத்து, இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். முதலில் "டூல்" என்றும் "பிட்" என்றும் சொன்னார். உதவிக்கு நிற்கும் பையனிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டதும் சொற்கள் வந்தன.

மேற்புறச் சாய்வு 'மேல்வாட்டம்'. கீழ்ப்புறச் சாய்வு 'அடிவாட்டம்'. பக்கத்துச் சாய்வு 'பக்கவாட்டம்'. கானுக்குத் தண்ணீர் ஓட வாட்டம் பார்க்கும் அதே சொல். பீலிக்கரையில் வளர்ந்த எவருக்கும் விளங்கும். வெட்டுநுனி 'மூக்கு', அது உருண்டிருந்தால் 'மொண்ணை மூக்கு', கூர்ந்திருந்தால் 'கிளிமூக்கு'. துண்டிக்கும் உளி 'அறுவை டூல்'. வெட்டிய உலோகம் ஓடினாற் 'சுருள்', உதிர்ந்தால் 'தவிடு'. சாணைக்கல்லிற் பொறி பார்த்து உருக்கை இனங்காண்பதற்கும் சொல் உண்டு: கரி உருக்கின் பொறி வெண்மையாய்ப் பல கிளை விட்டுத் தெறிக்கும், அது 'பூப்பொறி', அதிவேக உருக்கின் பொறி மங்கிய சிவப்பாய், கிளையின்றி விழும், அது 'ஊமைப்பொறி'. உட்கடையும் உளி அதிர்ந்து கூச்சலிடுவதற்கு அவர் சொன்ன பெயர் 'உளறல்'. "ரொம்ப நீட்டினா டூலு உளற ஆரம்பிச்சுரும்" என்றார். அதே பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் சொல்லும் வாயாடுதலையே குறிக்கின்றது என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

கொப்பியில் இப்போது அறுபத்திரண்டு சொற்கள் உள்ளன. இடப்பக்கத்தில் மாமாவின் சொல்; வலப்பக்கத்திற் பரீட்சைத் தாளின் சொல்; நடுவில் அவரே பென்சிலாற் கீறிய உளியின் படம். வலப்பக்கத்தை அவர் மனனம் செய்கிறார். இரவில் வேலை முடிந்து வந்து, தேநீர்க் கோப்பையை அருகில் வைத்துக்கொண்டு, "மேல்வாட்டம் — சரிவுக் கோணம், அடிவாட்டம் — இடைவெளிக் கோணம்" என்று வாய்விட்டுப் படிப்பதாக அம்மா சொல்கிறார். ஆவணி மாதத்தில் மறுபடி மதிப்பீட்டுக்குப் போகிறார். இடப்பக்கத்தைக் கற்றுக்கொள்ளுமாறு எவரும் மதிப்பீட்டாளரைக் கேட்கப் போவதில்லை. ஆதலால் அதை இங்கே அச்சேற்றுமாறு இதழாசிரியரைக் கேட்டுக்கொண்டேன். பட்டியல் நீளமாக இருந்தமையால் மேலே தந்த சிலவற்றோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. கொப்பி என்னிடம் இருக்கின்றது. பொறியியற் பீடத்து நண்பர்கள் எவரேனும் பார்க்க விரும்பினால் தருவேன். பென்சிற் படங்கள் அழியாமற் புரட்ட வேண்டும்.